பிட்ஸ்பர்க்ல சம்மர் லீன்ற கேண்டிடேட்டுக்காக கதவு தட்டின அனுபவம்

நவம்பர்ல வர்ற பெரிய எலெக்‌ஷனுக்கு மட்டும் போய் ஓட்டு போட்டுட்டு வந்துடற நம்ம ஆளுங்க இங்க நிறைய பேர், அவங்களுக்காக தான் முக்கியமா இத எழுதுறேன். பென்சில்வேனியால இருக்குற பிட்ஸ்பர்க் மாதிரி ஊர்ல அமெரிக்க காங்கிரஸ் மெம்பர் யாருன்னு முடிவாகுறது பெரும்பாலும் நவம்பர்ல இல்ல, ஏப்ரல் மே மாசத்துல கட்சிக்குள்ள கேண்டிடேட்ட தேர்ந்தெடுக்க நடக்குற பிரைமரில தான். டெமாக்ரடிக் கட்சிக்கு இங்க அவ்ளோ ஓட்டு இருக்கு, கட்சிக்குள்ள யார் ஜெயிக்கிறாங்களோ அவங்க தான் அநேகமா வாஷிங்டன் போவாங்க. 1994-ல முதல் தடவ ஜெயிச்ச மைக் டாய்ல் 2021 அக்டோபர்ல இனிமே நிக்கலன்னு சொல்ற வரைக்கும் அவரே தான் இருந்தாரு. அவர் விலகினதும் 2022 மே 17 பிரைமரிக்கு அஞ்சு பேர் நின்னாங்க. அதுல சம்மர் லீக்காக நான் வாலன்டியரா போனேன், 2024-லயும் போனேன்.

ஏன் அவங்க? எனக்கு முதல் காரணம் காத்து தான்.

மனோங்காஹேலா ஆத்தங்கரைய ஒட்டி இருக்குற ஊருங்கள இங்க மான் வேலின்னு சொல்லுவாங்க. ரெண்டு பக்கமும் மலை, நடுவுல ஆறு, ஆத்தோரமா ஆலைங்க. ராத்திரி குளிர்ந்த காத்து பள்ளத்துல தங்கிடும், மேல சூடான காத்து வந்து பானைக்கு மூடி போட்ட மாதிரி உக்காந்துக்கும், வெயில் ஏறுற வரைக்கும் புகை எங்கயும் போகாது. 1948 அக்டோபர் கடைசில இதே ஆத்தோரத்துல டொனோரான்ற ஊர்ல ஆலைப்புகை இப்படி நாள்கணக்கா மாட்டிக்கிட்டு 20 பேர் செத்துப்போனாங்க, ஆயிரக்கணக்கான பேர் படுத்துட்டாங்க. அது பழைய கதன்னு விட முடியாது. நாட்டுலயே பெரிய கோக் ஆலை (எஃகு ஆலைக்காக நிலக்கரிய சுட்டு எடுக்குற எரிபொருள் தான் கோக்) இன்னும் இதே ஆத்தோரத்துல கிளேர்டன்ல தான் இருக்கு. 2018 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அங்க தீ பிடிச்சு, கோக் அடுப்பு கேஸ்ல இருந்து கந்தகத்த எடுக்குற கருவிங்க பாழாகி, அத சரி பண்ண மாசக்கணக்கா ஆச்சு. அழுகின முட்ட நாத்தம் அடிச்சா ரிப்போர்ட் பண்றதுக்குன்னே ஸ்மெல் பிஜிஹெச்னு ஒரு ஆப் இருக்குற ஊர் இது, கார்னகி மெலன் யூனிவர்சிட்டில பண்ணினது, நாத்தத்த ரிப்போர்ட் பண்ண ஒரு ஆப் வேணும்ன்ற நிலைமைய கொஞ்சம் யோசிச்சு பாருங்க.

இன்னொரு பக்கம் நெவில் ஐலண்ட்ல இருந்த ஷெனாங்கோ கோக் ஆலை 2016 ஜனவரில மூடினாங்க. அத சுத்தி இருக்குற மக்கள் எவ்ளோ பேர் இதய நோய்னு எமர்ஜென்சிக்கு வந்தாங்கன்னு நியூயார்க் யூனிவர்சிட்டில ஆராய்ச்சி பண்ணி 2023-ல வெளியிட்டாங்க, ஆலை மூடின உடனே 42 சதவீதம் குறைஞ்சிருக்கு. இதெல்லாம் படிச்சதுக்கு அப்புறம் காத்து ஒரு அரசியல் விஷயம்ன்றதுல எனக்கு சந்தேகமே வரல. பென்சில்வேனியா அரசியல் சாசனத்துலயே முதல் அத்தியாயம் 27-ஆவது பிரிவுல சுத்தமான காத்தும் தண்ணியும் மக்களோட உரிமைன்னு 1971-லயே எழுதி வச்சிருக்காங்க. எழுதினத யார் செய்ய வைக்கிறாங்கன்றது தான் கேள்வி.

சம்மர் லீ அந்த ஆத்தோர ஊர்லயே வளர்ந்தவங்க, நார்த் பிராடக். சட்டம் படிச்சவங்க. 2018-ல ஸ்டேட் ஹவுஸுக்கு, அதாவது மாநில சட்டசபைக்கு, நின்னு பல வருஷமா அந்த சீட்ல இருந்த ஒருத்தர பிரைமரிலயே தோக்கடிச்சாங்க, அதுவும் மூணுல ரெண்டு பங்கு ஓட்டோட. அடுத்த மாசமே ஈஸ்ட் பிட்ஸ்பர்க்ல ஆன்ட்வான் ரோஸ்னு 17 வயசு பையன, கைல ஆயுதம் எதுவும் இல்லாம ஓடினவன, போலீஸ் பின்னாலருந்து சுட்டு கொன்னாங்க. அந்த பையன் படிச்ச உட்லண்ட் ஹில்ஸ் ஸ்கூல்ல தான் இவங்களும் படிச்சாங்க. ரோட்டுல இறங்கி நின்னாங்க. இத எல்லாம் தனித்தனி பிரச்சினையா பாக்காம ஒண்ணா பாக்குற ஆள் அவங்கன்னு எனக்கு தோணிச்சு. பிராடக்ல 1920-ல 20,000 பேருக்கு மேல இருந்தாங்க, 2020 கணக்கெடுப்புல 1,700 சொச்சம் தான். அங்க இருந்த ஆஸ்பத்திரிய 2010-ல மூடிட்டாங்க. ஆலை மட்டும் இருக்கு. புகை இருக்குற இடத்துல தான் ஆஸ்பத்திரி இல்ல, பஸ் ஒழுங்கா இல்ல, அங்க தான் கறுப்பின குடும்பங்க அதிகம். சூழல் வேற சமூகநீதி வேறன்னு பிரிச்சு பேசுறவங்கள ஒரு தடவ பிராடக் அவென்யூல நடக்க வைக்கணும்.

சரி, வேலைக்கு வருவோம். கேன்வாஸிங்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: சனி ஞாயிறுல ஒரு இடத்துல கூடுவோம், அரை மணி நேரம் எப்படி பேசணும்னு சொல்லிக்கொடுப்பாங்க, அப்புறம் ஃபோன்ல மினிவேன்னு ஒரு ஆப்ல ஒரு ஏரியா கொடுப்பாங்க, எந்தெந்த வீட்டுல டெமாக்ரட்டா ரெஜிஸ்டர் ஆனவங்க இருக்காங்களோ அந்த வீடு மட்டும் வரும். ரெண்டு ரெண்டு பேரா போவோம். ஒவ்வொரு ஆளோடயும் பேசிட்டு 1-ல இருந்து 5 வரைக்கும் போடணும், 1-னா நம்ம பக்கம் உறுதி, 3 இன்னும் முடிவு பண்ணல, 5-னா எதிர்ப்பு. இதுல ரொம்ப முக்கியம் என்னன்னா உள்ளத உள்ளபடி போடுறது. நல்லா சிரிச்சு பேசினாங்கன்னு 3-ஐ 1 ஆக்கினா கடைசி வாரத்துல கேம்பெயின் அந்த வீட்ட விட்டுடும், அந்த ஓட்டு போச்சு.

நல்ல ஷூ போட்டுக்கோங்க, இந்த ஊர் முழுக்க படிக்கட்டு. தண்ணி எடுத்துக்கோங்க, ஃபோன் சார்ஜர் எடுத்துக்கோங்க. ஆள் இல்லாத வீட்டுல நோட்டீஸ கதவு இடுக்குல தான் வைக்கணும், மெயில்பாக்ஸ்ல போடக்கூடாது, அது ஃபெடரல் சட்டப்படி தப்பு. அப்புறம் ஊர்ல என்ன மேட்ச்னு பாத்துட்டு கிளம்புங்க. 2022 பிரைமரிக்கு முந்தின ஞாயித்துக்கிழம சாயங்காலம் ஊர் ஐஸ் ஹாக்கி டீம் பெங்குவின்ஸுக்கு ரேஞ்சர்ஸோட ஏழாவது கேம், அன்னிக்கு பிட்ஸ்பர்க்ல யார் கதவும் தொறக்காது.

கதவு தொறந்தா என்ன பேசுறது? இங்க தான் எனக்கு பெரிய பாடம். போன புதுசுல எங்களுக்கு சொல்லிக்கொடுத்த அக்கா ஒருத்தங்க, கறுப்பினத்தவங்க, பல எலெக்‌ஷன் பாத்தவங்க, ஒரே ஒரு விஷயம் தான் திரும்ப திரும்ப சொல்லுவாங்க, முதல்ல கேளு, அப்புறம் பேசு. "உங்க தெருல என்ன மாறணும்னு நினைக்கிறீங்க?" இது தான் முதல் கேள்வி. க்ளைமேட் சேஞ்ச்ன்ற வார்த்தைய எடுத்தா பாதி பேர் முகம் டீவி டிபேட் பாக்குற முகமா மாறிடும். காத்து எப்படி இருக்குன்னு கேட்டா அவங்களே அரை மணி நேரம் பேசுவாங்க.

ஒரு வீடு மறக்க முடியாது. நார்த் பிராடக்ல மேட்டுல இருக்குற வீடு, வாசல்ல நின்னா கீழ எட்கர் தாம்சன் எஃகு ஆலை முழுசா தெரியும், 1875-ல இருந்து ஓடுற ஆலை. எழுபது வயசு தாண்டின பெரியவர், அப்பாவும் ஆலைல வேல பாத்தவர், இவரும் பாத்து ரிட்டயர் ஆனவர். சம்மர் லீ பேர சொன்னதும், "அந்த பொண்ணு மில்லை மூட வைக்கப்போகுது"ன்னாரு. நான் எதிர்த்து பேசல. மில்லுல என்ன வேல பாத்தீங்கன்னு கேட்டேன். உள்ள கூப்பிடல, ஆனா போர்ச்ல சேர் போட்டாரு. ரொம்ப நேரம் பேசினாரு, ஷிஃப்ட் பத்தி, யூனியன் பத்தி, எண்பதுகள்ல ஒண்ணு ஒண்ணா ஆலைங்க மூடினப்ப பக்கத்து வீடெல்லாம் காலியானது பத்தி. அந்த பயம் நிஜம். அத மதிக்காம காத்த பத்தி மட்டும் பேசுறவங்கள அவர் ஏன் நம்பணும்? பேச்சு நடுவுல அவரே போர்ச் கம்பில விரல தேய்ச்சு காட்டினாரு, விரல் நுனி கறுப்பா இருந்துச்சு, "ரெண்டு நாள் முன்னாடி தான் கழுவினேன்"னாரு. பேத்தி படிக்கிற ஸ்கூல்ல காத்து மோசமான நாள்ல பிள்ளைங்கள வெளிய விளையாட விடறதில்லயாம், அதுவும் அவரா தான் சொன்னாரு.

அப்புறம் தான் நான் ஒரு விஷயம் கேட்டேன். 2019-ல இந்த மான் வேலி ஆலைங்கள நவீனமாக்க நூறு கோடி டாலருக்கு மேல செலவு பண்றோம், புகையும் குறையும்னு இந்த ஆலைங்கள நடத்துற யு.எஸ். ஸ்டீல் கம்பெனி அறிவிச்சுது, 2021 ஏப்ரல்ல அந்த திட்டத்தையே கைவிட்டுட்டாங்க. அத கைவிட வச்சது எந்த முற்போக்கு கேண்டிடேட்டும் இல்லயே, வேலைய காப்பாத்துறதா சொன்னவங்க அன்னிக்கு எங்க இருந்தாங்கன்னு கேட்டேன். அவர் பதில் சொல்லல, யோசிக்கிறேன்னாரு. ஆப்ல 3 போட்டேன். சூழலுக்கு எதிரி தொழிலாளி இல்ல, தொழிலாளிக்கு எதிரி சூழல் பேசுறவங்களும் இல்ல, இந்த ரெண்டு பேரும் மோதிக்கிட்டா யாருக்கு லாபம்னு அந்த போர்ச்ல உக்காந்தா நல்லா புரியும். வேலைக்கு என்ன வழி, பென்ஷனுக்கு என்ன வழின்னு பதில் கைல இல்லாம மான் வேலில யாரும் கதவு தட்டக்கூடாது.

கடைசி மூணு நாலு வாரம் எல்லாம் மாறிடுச்சு. வெளியிலருந்து பணம் வந்து இறங்கிச்சு. இஸ்ரேல் ஆதரவு ஏபேக் அமைப்போட சேர்ந்த யுனைடெட் டெமாக்ரசி ப்ராஜெக்ட்ன்ற சூப்பர் பேக் (கேண்டிடேட்ட சாராம தனியா எவ்ளோ வேணா தேர்தல் செலவு பண்ணக்கூடிய அமைப்பு) மட்டும் 20 லட்சம் டாலருக்கு மேல செலவு பண்ணி, சம்மர் லீ உண்மையான டெமாக்ரட்டே இல்லன்னு டீவிலயும் தபால்லயும் விளம்பரம். அந்த விளம்பரத்துல இஸ்ரேல பத்தி ஒரு வரி இருக்காது, வயசானவங்க பலர் அத பாத்து அவங்க ரிபப்ளிகன் கூட சேர்ந்தவங்க போலன்னு நம்பிட்டாங்க. போன மாசம் 1 போட்ட வீட்டுல அந்த தபால் அட்டைய கைல வச்சுக்கிட்டு "இது என்னம்மா"ன்னு கேட்டாங்க. நாங்க செஞ்சது சிம்பிள், அட்டைய அனுப்பினது யார்னு அடில சின்ன எழுத்துல போட்டிருக்கும், அத அவங்களையே படிக்க சொல்றது, அப்புறம் ஸ்டேட் ஹவுஸ்ல அவங்க என்ன செஞ்சாங்கன்னு நேரா சொல்றது. கோவப்படக்கூடாது. அந்த விளம்பரத்த நம்பினவங்க முட்டாள் இல்ல, அவங்க கைக்கு வந்து சேர்ந்த தகவல் அது மட்டும் தான். பணம் இருக்குறவங்கள பணத்தால ஜெயிக்க முடியாது நமக்கு, ஏற்கனவே ஒரு தடவ முகம் பாத்து பேசின ஆள் திரும்ப வந்து நின்னா அந்த அட்டைக்கு மதிப்பு குறையும், இத கண்ணால பாத்தேன்.

மே 17 காலைல 7 மணிலருந்து ராத்திரி 8 வரைக்கும் பூத். கேம்பெயின் ஆளுங்க பூத்துலருந்து 10 அடி தள்ளி தான் நிக்கணும். அன்னிக்கு ராத்திரி முடிவு தெளிவா வரல. வெள்ளிக்கிழம, 20-ஆம் தேதி தான் ஏபி செய்தி நிறுவனம் சம்மர் லீ ஜெயிச்சாங்கன்னு அறிவிச்சாங்க. வித்தியாசம் ஆயிரம் ஓட்டுக்கும் குறைவு. முழு தொகுதிலயும். அதே நாள் ரிபப்ளிகன் பக்கம் செனட் பிரைமரில மெஹ்மத் ஓஸ் மாநிலம் முழுக்க எண்ணி 951 ஓட்டுல ஜெயிச்சாரு. என் ஓட்டால என்ன ஆகப்போகுதுன்னு இனிமே யாராவது சொன்னா இந்த ரெண்டு கணக்கையும் காட்டுவேன்.

இதுல நம்ம தமிழ் ஆளுங்க எத்தன பேர் போட்டாங்க? இத கொஞ்சம் வருத்தத்தோட தான் சொல்லணும். பென்ஹில்ஸ் வெங்கடேஸ்வரா கோவில்ல பாத்து பேசினவங்கள்ல பல பேர் சிட்டிசன், ஓட்டு இருக்கு, ஆனா எந்த கட்சிலயும் பதிவு பண்ணல, எதுக்கு கட்சி எல்லாம்னு விட்டிருக்காங்க. பென்சில்வேனியால பிரைமரி மூடின பிரைமரி. கட்சில ரெஜிஸ்டர் ஆகாதவங்க கேண்டிடேட்ட தேர்ந்தெடுக்க முடியாது. மாமா ஒருத்தர், இங்க முப்பது வருஷமா இருக்குறவர், ரொம்ப ஆர்வமா கேட்டுட்டு "அப்போ நான் போட முடியாதாம்மா"ன்னு கேட்டப்ப ரெஜிஸ்ட்ரேஷன் தேதி முடிஞ்சிருந்துச்சு. பிரைமரிக்கு 15 நாள் முன்னாடி வரைக்கும் ஆன்லைன்லயே கட்சிய பதிவு பண்ணலாம், மாத்தலாம், அஞ்சு நிமிஷ வேல. கட்சில சேர்ந்துட்டா காசு கட்டணும், கூட்டத்துக்கு போகணும்னு எல்லாம் ஒண்ணும் கிடையாது, நவம்பர்ல யாருக்கு வேணா போட்டுக்கலாம்.

2024-ல வேற மாதிரி சங்கடம். எதிர்த்து நின்னது பவினி படேல், எட்ஜ்வுட் கவுன்சில்ல இருந்தவங்க, இந்திய வம்சாவளி. வாட்ஸப் குரூப்ல எல்லாம் நம்ம பொண்ணு நிக்குது, நீ அந்த பக்கம் வேல பாக்குறியேன்னு கேட்டாங்க. தனி அம்மா வளர்த்து கஷ்டப்பட்டு மேல வந்தவங்க அவங்க, அந்த வாழ்க்கைய நான் மதிக்கிறேன், குரூப்லயும் அத தான் சொன்னேன். ஆனா என் கேள்வி வேற. காத்து விஷயத்துல, மருத்துவ செலவு விஷயத்துல, போர் விஷயத்துல யார் என்ன சொல்றாங்க, யார் பணம் கொடுக்குறாங்க? நம்ம ஊர்ல சாதி பாத்து ஓட்டு போடுறத தப்புன்னு பேசிட்டு இங்க வந்து பேர் பாத்து போட சொன்னா எப்படி? குரூப்ல ரெண்டு நாள் சண்ட, அப்புறம் ஒரு தம்பி ரெண்டு பேரோட நிலைப்பாட்டையும் தமிழ்ல பக்கத்துல பக்கத்துல போட்டு ஒரு பக்கத்துக்கு எழுதினான், யாருக்கு போடுங்கன்னு சொல்லாம. அது தான் அந்த குரூப்ல உருப்படியா நடந்த வேல, உங்க ஊர்லயும் பண்ணுங்க.

அந்த வருஷம் ஸ்குவிரல் ஹில் பக்கம் கதவு தட்டுறது கஷ்டமா இருந்துச்சு. 2018-ல ட்ரீ ஆஃப் லைஃப் யூத ஆலயத்துல 11 பேர சுட்டு கொன்ன ஏரியா அது. சம்மர் லீ காசால போர் நிறுத்தம் வேணும்னு முதல்லயே கேட்டவங்கள்ல ஒருத்தங்க. சில வீட்டுல கதவ சாத்தினாங்க, ஒரு அம்மா அழுதாங்க, சில யூத குடும்பங்க அவங்களே எங்களோட வந்து கதவு தட்டினாங்க. வாதாடி ஜெயிக்கிற இடம் இல்ல அது. கேட்டுட்டு, நன்றி சொல்லிட்டு, அடுத்த வீட்டுக்கு போறது தான் முறை. ஏப்ரல் 23 பிரைமரில சம்மர் லீ 60 சதவீதம் பக்கம் வாங்கி ஜெயிச்சாங்க.

விசால இருக்குறவங்க அடிக்கடி கேக்குறது: எச்1பில இருந்தா வரலாமா? சம்பளம் வாங்காம வாலன்டியரா வரலாம். நன்கொடை மட்டும் ஒரு டாலர் கூட கொடுக்கக்கூடாது. கிரீன் கார்ட் இருந்தா நன்கொடையும் கொடுக்கலாம். ஆனா சிட்டிசன் ஆகாம ஓட்டர் ரெஜிஸ்ட்ரேஷன் பக்கமே போகாதீங்க, டிரைவர் லைசன்ஸ் எடுக்குற இடத்துல மெஷின்ல கேட்டா கூட வேண்டாம்னு போடுங்க, பின்னாடி குடியுரிமைக்கே ஆபத்து. தபால் ஓட்டு போடுறவங்க உள்ள இருக்குற ரகசிய கவர்ல சீட்ட வச்சு ஒட்டி, அப்புறம் வெளி கவர்ல வச்சு, கையெழுத்தும் அன்னிக்கு தேதியும் போடுங்க. தேதி விஷயம் பல தடவ கோர்ட் வரைக்கும் போன சண்ட, நமக்கு எதுக்கு, போட்டுடுங்க. எலெக்‌ஷன் நாள் ராத்திரி 8 மணிக்குள்ள கவுன்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) எலெக்‌ஷன் ஆபீஸ்ல போய் சேரணும், அன்னிக்கு தபால்ல போட்டா செல்லாது.

கடைசியா ஒண்ணு, காத்துக்காக வேல பாக்க நினைக்கிறவங்களுக்கு. வாஷிங்டன்ல யார் இருந்தாலும் கிளேர்டன் ஆலை எவ்ளோ புகை விடலாம்ன்ற பெர்மிட்ட கையில வச்சிருக்கிறது அலிகேனி கவுன்டி ஹெல்த் டிபார்ட்மென்ட். அதனால கவுன்டி எக்ஸிக்யூட்டிவ் (கவுன்டி நிர்வாகத்தோட தலைவர்), கவுன்டி கவுன்சில் பிரைமரிங்க தான் இன்னும் பக்கத்துல இருக்குற சண்ட, ஒத்தைப்படை வருஷத்துல வரும், ரொம்ப கம்மி பேர் தான் போடுவாங்க. 2023-ல சாரா இன்னமொராட்டோ கவுன்டி எக்ஸிக்யூட்டிவா வந்ததும் அப்படி ஒரு பிரைமரி வழியா தான். 2025 ஆகஸ்ட் 11 கிளேர்டன் வெடிவிபத்துல ரெண்டு தொழிலாளிங்க செத்தாங்க, ஆலைக்குள்ள நிக்கிறவங்க உயிரும் வெளிய மூச்சு விடுறவங்க உயிரும் ஒரே பெர்மிட்டுல தான் மாட்டிக்கிட்டு இருக்கு. அந்த பெர்மிட் பத்தி பப்ளிக் ஹியரிங் வரும்போது யார் வேணா பேச பேர் கொடுக்கலாம், சிட்டிசனா இருக்கணும்னு இல்ல. சில நிமிஷம் தான் கொடுப்பாங்க, அதனால எழுதி எடுத்துட்டு போங்க, உங்க ஊர் பேர், வீட்டுல யாருக்கு என்ன தொந்தரவு, என்ன மாறணும், இவ்ளோ போதும். எழுத்துல அனுப்பினாலும் பதிவாகும். கவுன்டியோட மெசேஜ் சேவையான அலிகேனி அலர்ட்ஸ்ல பேர் பதிஞ்சு வச்சா காத்து மோசமாகுற நாளுக்கு முன்னாடியே மெசேஜ் வரும்.